முன்னெழுத்து

ஆகஸ்ட் முழுக்க எனக்கு வேறு தலை.
ஒன்பது-வி-ஒன்று என்ற பழையதைக்
கடிதம் ஒன்று கழற்றிவிட்டு
எஸ்-ஆறு என்று புதிதாக மாட்டியது.
நாட்டின் பிறந்தநாளாம்.
வாலில் இருந்த என் மூன்றெழுத்து அப்படியே.
மாதக் கடைசி நாள் நள்ளிரவு வரை செல்லும்.

ஈசூன், பதினோராம் மாடி.
கம்பம் நடக் கூடாது என்கிறது வீவக.
துணி காயும் மூங்கில் கழிக்குள் ஓடுகிறது என் கம்பி.
வெளியே மின்தூக்கி நிறுவனச் சீருடை இரண்டு,
ஒரு போர்வை, ஜோடி தப்பிய காலுறைகள்.
அவை சொட்டச் சொட்ட
நான் உலகத்தைக் கூப்பிடுகிறேன்.
மேல்மாடி திருமதி கோ ஒருமுறை கதவைத் தட்டி
"உன் துணி என் டிவியில் பேசுது" என்றார்.

ஒன்பதாம் தேதி
வாணவேடிக்கை முடிந்து
புளோக் முழுக்க விளக்கணைந்தபின்
சாவியில் விரல் வைத்தேன்.
டிட்டிட்டிட். டா-டிட்டிட்டிட்டிட்.
அவ்வளவுதான்.
தேக்கா சந்தையில் இறால் பாதி விலை என்று
யாரோ கத்திவிட்டதைப் போல
வந்து விழுந்தார்கள்
ஒசாகா, போர்த்தோ, கீவ், பெயர் பிடிபடாத ஒரு கப்பல்.
ஐந்து ஒன்பது ஒன்பது, நன்றி.
அடுத்தவர்.
ஐந்து ஒன்பது ஒன்பது, நன்றி.
சரியாகக் கேட்காதவருக்கும் அதே மதிப்பெண்.
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அங்கே மழையா என்று
ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவர்கள் மேல் தப்பில்லை.
எங்கோ ஒரு தீவின் நூற்றாண்டுக்காக
மூன்று இரவு தூக்கம் கெட்டவள்தான் நானும்.
அந்த முனையில் உட்கார்ந்திருந்தவர் பெயர்
இன்றுவரை தெரியாது.

என் அடையாள அட்டை எஸ்ஸில் தொடங்கும்.
என்னோடு மின்தூக்கிக் குழிக்குள் இறங்கும்
செங்கோடனுடையது ஜியில்.
இருவர் கையிலும் அதே கிரீஸ்.
வாசல் காவலர்
என்னுடையதைப் பார்க்காமல் தருகிறார்,
அவனுடையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

பள்ளியில் நான் ம. அங்கயற்கண்ணி.
ம என்றால் மருதையா.
எனக்கு ஆறு வயதில் ஜொகூர் பாலம் தாண்டியவர்
அந்த ஓர் எழுத்தை மட்டும் விட்டுப் போனார்,
கொக்கியில் மறந்த சட்டை மாதிரி.
அம்மா அதை எறியவும் இல்லை
மடித்து வைக்கவும் இல்லை.

ஆங்கிலத்தில் அது எம்.
மோர்சில் எம்முக்கு இரண்டு நீள ஒலி:
டா. டா.
கையசைத்தபடி
மூன்று வயதுக் குழந்தையும் சொல்லும்.
பயிற்சி வகுப்பில் சிரித்துவிட்டேன்.
யாரும் காரணம் கேட்கவில்லை.

செப்டம்பர் ஒன்று, பன்னிரண்டு ஐந்து.
பழைய தலையோடு கூப்பிட்டேன்.
டா-டா-டா-டா-டிட்.
சுமத்ரா பக்கம் மின்னல். காதுக்குள் அப்பளம் நொறுங்கியது.
இருபது நிமிடம் யாருமில்லை.
திருமதி கோ வீட்டுக் குழாய் ஓடி நின்றது.
பிறகு இரைச்சலின் அடியிலிருந்து ஒருவர், மெதுவாக,
வயதான கையோ, குளிரில் விறைத்த கையோ.
ஹொக்கைடோ.
போன மாதம் மூன்று முறை உங்களைப் பிடித்தேன் என்றார்.
கேட்க நேரமில்லை அப்போது. உங்கள் பெயர்?

காற்றில் நான் எப்போதும் வெறும் கண்ணி.
அன்று பன்னிரண்டு ஆங்கில எழுத்தையும் அடித்தேன்.
ஒன்பதாவதில் தடுக்கி
மறுபடி முதலிலிருந்து.
அவர் குறுக்கிடவில்லை.
முடித்தபின்னும் விரல் நிற்காமல்
டா. டா.

அது என்ன என்றார்.
முன்னால் வரவேண்டியது என்று
எப்படித் தட்டுவது?
மழை வந்துவிட்டது, துணி எடுக்க வேண்டும் என்றேன்.
எடுத்துவிட்டு வாருங்கள், இருக்கிறேன் என்றார்.

கழியை உள்ளே இழுக்காமல்
எட்டி எட்டி
ஒவ்வொரு சீருடையாக உருவினேன்.